சத்தம் சரியில்லை

இலைதழைகளை ஊதித் தள்ளும் பெட்ரோல் புளோயரைப் பனவடலிசத்திரத்திலிருந்து பஸ்ஸில் சுமந்து வந்து, விஜயராஜின் ஒர்க்‌ஷாப்பில் இறக்கினாள் ஞானசெல்வி.

"சத்தமே சரியில்ல அண்ணாச்சி. எம் மருமவன் கார்பரேட்டரக் கழட்டிக் கழுவுனதுல இருந்து இப்படித்தான்."

"கண்டவனும் கை வச்சா வேற எப்படி இருக்கும் தாயி? சங்கரன்கோவில்ல கார்பரேட்டருன்னா நான்தான்."

விஜயராஜ் காதைச் சாய்த்துக் கேட்டுக் கேட்டு, திருகுகளை இம்மி இம்மியாகத் திருப்பினார். புகை நின்றது. மிஷின் தையல் மிஷினைப் போல ஒரே சீராக ஓடியது.

ஞானசெல்வியின் முகம் தொங்கிப்போனது. "மருமவனே தேவல. பாதிச் சத்தமாவது மிச்சம் வச்சாரு."

"என்ன சொல்லுத? இனி ஒரு இலை தங்காது, பாத்துக்க!"

"இலைய யாரு ஊதுனா? வெதச்ச மக்காச்சோளத்த மயிலு மொத்தமா கொத்தித் தின்னுட்டுப் போவுது. முன்ன இது டமார் டமார்னு வெடிக்கும், ஒரு மயிலு அண்டாது. அதே மாதிரி வெடிக்க வச்சுக் குடுங்க."

விஜயராஜுக்குச் சுள்ளென்று வந்தது. "நல்ல மிஷின அப்படி வெடிக்க வச்ச கூறுகெட்டவன் எவன்?"

"போன வருசம் நீங்கதான அண்ணாச்சி ரிப்பேர் பாத்திய? அதான் உங்ககிட்டயே கொண்டாந்தேன்."