எழுபதாம் கல்யாணத்தில் எலும்பு ஊசி

மேலேயிருந்து பார்த்தால் இவர் எவ்வளவு சாதுவாகத் தெரிகிறார், வழுக்கைகூட அழகுதான் என்று மணமேடையில் நின்ற வசுமதி நினைத்துக்கொண்டாள்.

எலும்பு தேய்ந்து கூன் விழுந்திருந்தவள், தினமும் ஹார்மோன் ஊசி போட்டு ஒரே வருஷத்தில் ஆறரை அடி உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். வீடியோக்காரர் முக்காலியில் ஏறித்தான் அவளைப் படமெடுத்தார்.

கெட்டிமேளம் கொட்டியது. எழுபதாம் கல்யாணத் தாலியோடு எக்கி எக்கிப் பார்த்த கணவர் ராஜகோபாலனுக்கு அவள் தோள்வரைதான் எட்டியது.

"கொஞ்சம் குனியேன் வசு. நாதஸ்வரக்காரருக்கு மூச்சு முட்டுது."

"அப்பா பாவம்மா, குனிஞ்சுடு," என்றாள் மகள்.

கூனோடு நடந்த வருஷங்களில் தான் அவருடைய செருப்பைத் தவிர வேறெதையும் பார்க்காதது வசுமதிக்கு ஞாபகம் வந்தது. வீடியோக்காரரைக் கையமர்த்தி இறங்கச் சொன்னாள். முக்காலியை எடுத்துக் கணவர் முன்னால் வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்றாள்.