இடது கதவு

காரின் இடது பக்கக் கதவு மூன்றாவது தடவையும் முனகியது.

தச்சர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்தார். வலது கதவில் பாட்டு கணீரென்று ஒலித்தது. இடது கதவில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு முனகல், அவ்வளவுதான்.

உடைந்த வண்டிகளைப் பிரித்து விற்கும் கடையில் அரைநாள் குடைந்து எடுத்து வந்த ஸ்பீக்கர்கள். இரண்டும் ஒரே வண்டியில் கழற்றியவை என்று கடைக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். கதவிலிருந்த ஓட்டைக்கு அவை சேரவில்லை. அதனால் என்ன, மரம் இழைக்கும் இயந்திரத்தோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்திய மனிதர். ஒட்டுப்பலகையில் இரண்டு வளையம் அறுத்துக் கச்சிதமாகப் பொருத்திவிட்டார்.

இந்தப் பாடெல்லாம் மனைவிக்காக.

ஆறு மாதமாக அவள் காரில் பேசுவதில்லை. வீட்டில் முகத்துக்கு நேரே நின்று சாப்பிடக் கூப்பிடுவாள், சாவி எங்கே என்று கேட்பாள். அதோடு சரி. முன்பெல்லாம் பக்கத்து சீட்டில் ஏறினால் இறங்கும்வரை வாய் ஓயாது. இப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

என்ன கோபம் என்று கேட்க அவருக்குப் பயம். கேட்டு, அவள் சொல்லிவிட்டால்?

பேச்சுதான் இல்லை, பாட்டாவது இருக்கட்டும். நல்ல பாட்டாகப் பார்த்துப் போட்டு, அவள் வாய் தவறி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம். அதற்கு அவள் பக்கத்துக் கதவே ஊமையாக இருந்தால் எப்படி?

இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றினார். அப்போதும் இடதுதான் முனகியது. ஒயரை மாற்றினார். அதே கதை. இனி யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கடைக்காரரையே திட்டினார்.

கையிலிருந்த கிளிப் ஒன்று நழுவிப் பின்பக்கம் விழுந்தது. இருக்கையில் மண்டிபோட்டு, பின்னால் திரும்பி, தலையை நீட்டித் தேடினார்.

இடது கதவு கணீரென்று பாடியது.

வலது கதவு முனகியது.

முன்னால் திரும்பினார். இடது முனகியது. பின்னால் திரும்பினார். வலது முனகியது. எதிர்வீட்டுக்காரர் பார்த்திருந்தால் மனிதருக்கு மறை கழன்றுவிட்டது என்றே முடிவு கட்டியிருப்பார்.

கடைசியில் நேராக உட்கார்ந்து, வலது காதை விரலால் அடைத்துப் பார்த்தார். இரண்டு கதவுகளுமே கிணற்றுக்குள் போய்விட்டன.

பாட்டை நிறுத்தினார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவே இன்னொரு நினைப்பும் மெல்லத் தலைதூக்கியது. அதை நம்ப அவருக்கே கூச்சமாக இருந்தது.

மனைவியைக் கூப்பிட்டார். அவளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, அவளுடைய இடத்தில் தான் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். காரணம் சொல்லவில்லை.

அவள் ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலப் பேசினாள்.

"நானும் ஏறினதுலேருந்து இறங்குற வரைக்கும் பேசிக்கிட்டேதான் வரேன். எதையாவது காதுல போட்டுக்கிறீங்களா? அந்த ஏரிக்கரையில ஒரு நிமிஷம் நிறுத்துங்கன்னு எத்தனை தடவைதான் கேக்கறது?"

அவர் தன் இடது காதைத் தொட்டுக்காட்டி விஷயத்தைச் சொன்னார். அவள் முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள்.

காது டாக்டரைப் பார்க்க மறுநாள்தான் நேரம் கிடைத்தது. அதற்கு முன், அன்று மாலையே கார் கிளம்பியபோது அவள் பின்சீட்டில், அவருடைய வலது தோளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். வழியில் பார்த்தவர்கள் அவரை வாடகை வண்டிக்காரர் என்று நினைத்திருக்கலாம். பாட்டு போடவில்லை.

"இங்க நிறுத்துங்க" என்றாள்.

முதல் தடவை சொன்னதுமே நிறுத்தினார்.