ஆடாத சேஸிஸ்

"உலகத்துல மனுஷங்க ரெண்டே ரகம். தன் சேஸிஸைத் தானே பத்த வைக்கிறவன் ஒரு ரகம். அடுத்தவன் பத்த வச்சதை வாங்கி ஓட்டுறவன் இன்னொரு ரகம். அந்த ரெண்டாவது ரகத்தையும் மனுஷக் கணக்குல சேர்த்தது ஆண்டவனோட பெரிய மனசு" என்று பல் டாக்டர் அறிவித்தார். கையில் சூடான சால்டரிங் அயர்ன் இருந்ததால் மனைவி உடனே மறுத்துப் பேசவில்லை.

அவர் சொன்ன சேஸிஸ் உள்ளங்கையில் அடங்கிவிடும். பித்தளைத் தகட்டையும் எஃகுக் கம்பியையும் ஈயத்தால் ஒட்டி, மேலே ஒரு குட்டி மோட்டாரையும் பிளாஸ்டிக் கூட்டையும் மாட்டினால் கார். மரத் தடத்தில் வெட்டிய பள்ளத்துக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு கரண்டில் ஓடும். வளைவில் வேகம் கூடினால் பறந்துபோய் விழும். விளையாட்டே அவ்வளவுதான்.

இதற்காக வீட்டில் உபரியாக இருந்த ஒரே அறை பட்டறையாகியிருந்தது. ஓய்வுபெற்ற நூலகரான மாமனார் மகள் வீட்டோடு வந்த நாளிலிருந்து ஹால் சோபாவில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டிருந்தார். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார், குப்பைக் கூடையைக் கொண்டுபோய்க் கொட்டினார், வீட்டுக் கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார். குறை சொல்ல இடமே கொடுக்காத மாமனார் என்பது டாக்டருக்குப் பெரிய குறையாக இருந்தது.

"பாவம்ங்க அப்பா, முதுகு வலிக்குதாம்" என்றாள் மனைவி.

டாக்டர் அப்போதுதான் முடித்த சேஸிஸைக் காதோரம் வைத்துக் குலுக்கினார். 'கட' என்று ஒரு சின்னச் சத்தம். உடனே கூடையில் தூக்கிப் போட்டார். "ஆடுற பல்லும் ஆடுற சேஸிஸும் ஒண்ணு. விட்டு வச்சா வினை."

"சரி, அப்பாவும்தான் உங்ககூட இந்தக் கார் கிளப்புக்கு வர்றாரு. ஞாயித்துக்கிழமை பந்தயத்துல அவர் ஜெயிச்சா இந்த ரூம் அவருக்கு. நீங்க ஜெயிச்சா, ரூம் விஷயமா நான் வாயே திறக்க மாட்டேன்."

வாயைத் திறக்க மாட்டேன் என்று ஒருவர் சொல்லி அந்தப் பல் டாக்டர் மகிழ்ந்தது அதுதான் முதல் முறை. சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிளப் மாடியில் மாமனார் கைக்குட்டையைப் பிரித்துக் காரை எடுத்தார். டாக்டர் அதை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். சேஸிஸ் முழுக்கப் பச்சை. காதோரம் வைத்துக் குலுக்கினார். கடகடகட!

"மாமா, இது நீங்க செஞ்சதா?"

"எனக்கு ஏது மாப்பிள்ளை அந்தத் திறமை? ஒருத்தர் செஞ்சது. நல்ல கைராசிக்காரர்." நூலகத்துப் பழக்கம், அவர் எதைச் சொன்னாலும் ரகசியம் சொல்வது போலத்தான் இருக்கும். "பெயிண்ட் மட்டும் நான் அடிச்சேன். கேட்டுக்கு வாங்குனதுல மிச்சம் இருந்துது."

கிளப்பே சிரித்தது. டாக்டருக்குக் குஷி தாங்கவில்லை. "செஞ்சவன் கையைப் பிடிச்சு நாலு தட்டு தட்டணும் மாமா. இது சேஸிஸ் இல்ல, கிலுகிலுப்பை!"

பந்தயம் தொடங்கியது. டாக்டரின் கார் மாப்பிள்ளை முறுக்கோடு சீறிப் போய், வளைவில் வளைய மனமில்லாமல் பள்ளத்தை விட்டுப் பறந்தது. மாமனாரின் கார் கடகடவென்று முனகிக்கொண்டே, பெண்ணைக் கொடுத்தவர்கள் நடந்துகொள்வதைப்போல எல்லா இடத்திலும் வளைந்து கொடுத்துப் போனது.

"சேஸிஸ் கொஞ்சம் ஆடணும் டாக்டர். அப்பத்தான் டயர் தடத்தை விடாது" என்றார் கிளப் செயலாளர்.

"தடத்துல தூசி" என்றார் டாக்டர்.

செயலாளர் தடத்தைத் துடைத்துக் கொடுத்தார். துடைத்த தடத்தில் டாக்டரின் கார் முன்பைவிடச் சுத்தமாகப் பறந்து, செயலாளரின் சட்டைப் பையில் இடித்து விழுந்தது. மாமனார் ஒரு தடவைகூடப் பள்ளத்தை விட்டு வெளியே வராமல் பந்தயத்தை முடித்துவிட்டு, "மன்னிக்கணும் மாப்பிள்ளை" என்றார்.

அன்று மாலையே பட்டறை மேஜை பால்கனிக்குப் போனது. உள்ளே மனைவி அப்பாவுக்குப் புது விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். மேஜையின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கி வந்த மாமனாரை டாக்டர் நிறுத்திவைத்து, பால்கனிக் கதவை மெல்லச் சாத்தினார்.

"மாமா, ஒரு விஷயம். உங்க பொண்ணு காதுக்குப் போக வேணாம்."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"அந்தக் கைராசிக்காரர்... வெளி ஆளுங்களுக்கும் செஞ்சு கொடுப்பாரா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான். இதே மாதிரி ஒண்ணு. நானே செஞ்சதுன்னு சொல்லிக்குவேன், அவர் தப்பா நினைக்கக் கூடாது." டாக்டரின் குரல் நூலகத்துக் குரலாக இறங்கியிருந்தது. "என்ன கை மாமா அது! தொட்டுக் கண்ணுல ஒத்திக்கணும்."

மாமனார், சாத்தியிருந்த கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"தாராளமா ஒத்திக்குங்க மாப்பிள்ளை... நீங்க குலுக்கித் தூக்கிப் போட்டதுதான் அது."