இரண்டாவது சிப்

"சத்தியமாச் சொல்லுங்க மச்சான், இது ஆருட சாமான்?"

மேசையிலிருந்த சின்னப் போத்தலை ஸாதியா தாடையால் காட்டினாள். கியூட்டெக்ஸ் அழிக்கிற மருந்து. கியூட்டெக்ஸ் பூசினால் தொழுகைக்கு முன் கழுவுகிற வுழூ சேராது என்று அந்த வீட்டில் யாரும் நகத்துக்குச் சாயம் வைப்பதில்லை. காலையில் அது அவள் புருஷன் றம்ஸீனின் மேசை லாச்சிக்குள் பாதி தீர்ந்து கிடந்தது.

"என்ட சாமான்தான். சிப் துடைக்க வாங்கின."

"சிப்புக்கு நகம் இரிக்கா?"

அவன் முன்னால் நாற்பது வருடப் பழைய கொம்பியூட்டர் ஒன்று திறந்து கிடந்தது. அதன் பாட்டு ஒற்றை ஸ்பீக்கரில்தான் வரும். இரண்டு சிப் வைத்து இரண்டு பக்கமும் பாடவைக்க, மூன்று மாதமாக ஒரு போர்ட் செய்துகொண்டிருந்தான்.

"இந்தச் சிப் இப்ப ஆரும் செய்யிறல்ல. வேற எதையாவது சுரண்டி, மேல பேர அடிச்சு விக்கிறானுகள். இதால துடைச்சா கள்ளம் தெரிஞ்சிடும். காத்தான்குடிக்குள்ள வாங்கினா கதை வரும் எண்டு ஆரையம்பதில போய் வாங்கின."

"அங்கயும் ஒராள் இரிக்கா? கிணத்தடிக்குப் போய் ஃபோன்ல குசுகுசுக்கிறது அவளோடதானா?"

"சிப் விக்கிறவனோட. இன்னும் ஒண்டு வாங்கப்போறன் எண்டா நீ ஏசுவாய்."

லுஹர் தொழுகைக்குப் பிறகு பக்கத்து வீட்டுக் கல்யாணப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தவள், கைகளை முக்காட்டுக்குள் வைத்தபடி அசையாமல் நின்றாள்.

"அப்ப துடைச்சுக் காட்டுங்க."

பஞ்சை நனைத்து முதல் சிப்பைத் தேய்த்தான். எழுத்து அப்படியே இருந்தது. ஸாதியாவின் முகம் கறுத்தது.

"ஒண்டும் போகல்லயே."

"போகாட்டி நல்ல சிப். அல்ஹம்துலில்லாஹ்."

"வாய்க்கு வந்தத்தச் சொல்றீங்க."

இரண்டாவதைத் தேய்த்தான். பஞ்சு சாம்பல் நிறமானது. எழுத்துப் போன இடத்தில் வேறொரு எண் மங்கலாக வெளிவந்தது. போர்ட்டின் ஒரு பக்கம் இனி ஊமை. றம்ஸீன் தலையைப் பிடித்துக்கொண்டான்.

ஸாதியா அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பு வந்தது, பிறகு வெட்கம். அஸர் தொழுகைக்கு இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது.

அவன் பக்கத்தில் மெல்ல அமர்ந்து, இரண்டு கைகளையும் வெளியே எடுத்து மேசைமேல் விரித்து வைத்தாள். நகமெல்லாம் புதுக் கியூட்டெக்ஸ்.

"உங்களுக்குச் சிவப்புத்தான் புடிக்கும் எண்டு நினைச்சிட்டன். பாங்கு சொல்ல முன்ன பத்து விரலையும் துடைச்சு விடுங்களன் மச்சான்."