பத்து நொடிப் பேட்டி

காலை ஏழரைக்கு ஷஃபியுல்லாவின் ஸ்கூல் வேன் சென்னையை ஒட்டிய கோவளத்தில் தன் வீட்டுத் தெருவுக்குள் திரும்பியபோது உள்ளே மூன்று பிள்ளைகள்தான் இருந்தார்கள்.

இருக்கவேண்டியது பதினொன்று.

மற்ற எட்டு வீட்டிலிருந்தும் விடிந்ததுமே போன் வந்துவிட்டது. இனி நாங்களே கொண்டுபோய் விட்டுக்கொள்கிறோம் என்றார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் பைக் இடித்த தகராறில் இரண்டு கோஷ்டிப் பையன்கள் அடித்துக்கொண்டார்கள். ஒரு கோஷ்டி முஸ்லிம் பையன்கள் என்று தெரிந்ததும் டிவிக்காரர்கள் வந்தார்கள். தெருவில் பதினைந்து பேரிடமாவது மைக்கை நீட்டியிருப்பார்கள்.

செய்தியில் வந்தது ஷஃபியுல்லாவின் எதிர்வீட்டு சகுந்தலா ஒருத்திதான்.

"பொழுது சாஞ்சா வெளிய வரவே பயமா இருக்குங்க. இவங்க எப்ப என்ன பண்ணுவாங்கன்னே தெரியல. புள்ளைங்கள யாரை நம்பி அனுப்புறது?"

பத்து நொடி. நேற்று சாயங்காலம் முழுக்க அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள்.

இப்போது சகுந்தலா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் மகன் நிதின், பையை மாட்டிக்கொண்டு வேனுக்குக் காத்திருந்தான். எதிர்வீட்டிலிருந்து ஷஃபியுல்லாவின் மனைவி ரோஷன் பீவி தெருவைக் கடந்து வந்தாள்.

புருஷனின் ஐடி வேலைக்காக சேலத்திலிருந்து வந்த சகுந்தலாவுக்கு இந்த ஊரில் சொந்தம் கிடையாது. போன வருஷம் டெங்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நிதினுக்குச் சோறூட்டித் தூங்கவைத்தவள் ரோஷன் பீவிதான்.

"நான் அப்படிச் சொல்லலக்கா. வெட்டி ஒட்டிட்டாங்க" என்றாள் சகுந்தலா. குரல் உடைந்துவிட்டது.

ரோஷன் பீவி முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்தாள்.

"எனக்குத் தெரியாதா இன்னா? நானுந்தான் அஞ்சு நிமிசம் பேசுனேன், நீ என் தங்கச்சி மாதிரின்னு. அதை எங்க போட்டானுங்க? உடு, அழாத."

நிதினின் கையைப் பிடித்து வேனில் ஏற்றிவிட்டாள். நாலாவது பிள்ளை.

வேன் போன பிறகும் சகுந்தலாவால் அழுகையை நிறுத்த முடியவில்லை.

மைக் வாய்க்கு நேரே வந்ததும் அந்த வரிகள் தானாகவே நாக்கில் வந்து நின்றன. ஏதேதோ ஊரில் யார் யாரோ சொல்லி, தினமும் அதே சேனலில் அவள் கேட்ட வரிகள்.

நிருபர் கேட்டது ஒரே கேள்வி. அவள் சொன்னது மூன்றே வரி.

மூன்றையும் அப்படியே போட்டிருந்தார்கள். ஒரு சொல்கூட வெட்டவில்லை.