அளவான இனிப்பு

சர்க்கரை வியாதிக்காக யுகேந்திரனின் நாக்கில் டாக்டர் ஒரு நொதியைப் பூசி மூன்று வருஷமாகிறது. வாயில் விழுகிற சர்க்கரையையெல்லாம் அது சங்கிலியாகக் கோத்து, ரத்தத்தில் ஏறாத நாராக்கிவிடும்.

"இனிப்பு தெரியுதாங்க?" என்று தாரணி அன்றைக்கே கேட்டாள்.

"நல்லாவே தெரியுது" என்றார். அதிலிருந்து கல்யாண நாள் தவறாமல் சேமியா பாயசம்தான்.

இந்த வருஷமும் வைத்தாள். இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "அடடா, என்ன இனிப்பு! உன் கைப்பக்குவமே தனி" என்று உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

பூரித்துப்போய் அடுப்படிக்கு வந்தவள், அளந்து வைத்த சர்க்கரை கிண்ணத்தில் அப்படியே இருப்பதைப் பார்த்தாள். பாயசத்தை ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்தாள். வெறும் பாலும் சேமியாவும்தான்.

மூணு வருஷமா இனிப்பே தெரியாமத்தான் குடிச்சாரா இந்த மனுஷன்?

சர்க்கரையைத் திரும்ப டப்பாவில் கொட்டி மூடினாள். மிச்சப் பாயசத்தைத் தன் டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து, அவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

"ஏங்க, இனிப்பு கொஞ்சம் தூக்கலாப் போச்சோ?"

"சேச்சே, அளவாத்தான் இருக்கு" என்றார் அவசரமாக.

தாரணி ஒரு வாய் குடித்தாள்.

"ஆமாங்க, அளவாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தாள்.