செல்லும்

கிழி என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் கிழிக்கவில்லை.

மேசை மேல் அட்டைகள் குவிந்து கிடந்தன. பனியனை மடிக்கும்போது உள்ளே வைக்கிற அட்டை, நான்காக வெட்டியது. ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் 'ஒரு மணி நேரம்'. அதன் கீழே, அந்த நேரத்தைத் திருப்பி உழைக்க வேண்டியவளின் பெயர்.

அதற்கும் கீழே, ஊதா மையில், 'செல்லும்'.

ஐந்நூறு ரூபாய் இனிச் செல்லாது என்று அறிவித்த வாரம் தொடங்கியது இது. அந்தச் சனிக்கிழமை பனியன் கம்பெனியில் அதே நோட்டைத்தான் சம்பளமாகக் கொடுத்தார்கள். வேண்டாம் என்றவர்களுக்கு அதுவும் இல்லை.

அவர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளில் காசு இல்லை. வேலை இருந்தது.

ஒருத்தி பிள்ளையை இன்னொருத்தி பார்த்துக்கொண்டாள். ஒருத்திக்காக இன்னொருத்தி பேங்க் வாசலில் நின்றாள். மணிக்கு ஓர் அட்டை. ஆறு வாரம் அடுப்பு எரிந்தது.

வாடகைக்கும் அதையே நீட்டியதுதான் தப்பாகப் போயிற்று. வீட்டுக்காரர் புகார் கொடுக்க, லைனில் இருந்த அட்டையெல்லாம் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டன.

வீட்டுக்காரர் இதோ நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். இந்த அட்டையைக் கொண்டுபோனால் கரண்ட் ஆபீஸில் வாங்குவானா என்று ஸ்டேஷனில் எல்லோரிடமும் கேட்டுவிட்டார்.

நியாயமான கேள்வி.

அதனாலேயே அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"செல்லும்னு எழுத நீ யாரும்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"செல்லாதுன்னு சொன்னப்ப எங்கள்ல ஆரையுமே கேக்கலீங்களே சார்."

எழுதிக்கொண்டிருந்த ஏட்டின் பேனா நின்றது.

இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தவில்லை. அவள்மேல் மட்டுமல்ல, அட்டையில் பெயர் இருக்கிற அத்தனை பேர்மேலும் கேஸ் போடலாம் என்றார்.

அவள் ஓர் அட்டையை எடுத்தாள். பெயரைப் படித்தாள். கிழித்தாள். அடுத்ததை எடுத்தாள். படித்தாள்.

அவள் மனப்பாடம் செய்கிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. படிக்காதே, கட்டாகக் கிழி என்றார்.

அட்டை சுலபத்தில் கிழியாது. கட்டைவிரல் நகத்தடியில் ரத்தம் கட்டியது. யார் எத்தனை மணி கடன் என்பது கையிலேயே துண்டுதுண்டாகப் போயிற்று. வீட்டுக்காரர் கண்ணாடி டம்ளரை ஜன்னலில் வைத்தார்.

வெளியே இருபது பெண்கள் நின்றிருந்தார்கள்.

அவள் வாசலுக்கு வந்து, எல்லாம் போச்சு என்றாள். பெயரைக்கூடப் படிக்க விடவில்லை என்றாள்.

உழைத்தவர்கள் தன் தலைமுடியைப் பிடிக்கட்டும் என்று நின்றாள். பிடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திருப்பி அடித்திருக்கலாம்.

உழைப்பைக் கடன் வாங்கினவர்கள் ஒவ்வொருவராகத் தரையைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

பேச்சியம்மாள்தான் முன்னால் வந்தாள். பிரசவத்துக்குப் பிறகு பிள்ளையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனவள்.

"மயிலாத்தாக்காவுக்கு நான் நாலு மணி குடுக்கோணும்."

"அஞ்சு" என்றாள் மயிலாத்தாள், பின்னாலிருந்து.

பேச்சியம்மாள் திரும்பி அவளை முறைத்தாள்.

தரையைப் பார்த்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். பேச்சியம்மாளின் வாயையே பார்த்தபடி நின்றார்கள்.